கிணற்றடியில் திரும்பிய தேர்

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் வணக்கம். என்னைப் பேசக் கூப்பிட்டவர்கள், தீயைப் பற்றி ஏதாவது வீரமாகச் சொல்வேன் என்று நினைத்திருப்பார்கள். அந்த ஆசையை இப்போதே விட்டுவிடுங்கள். நான் ஒரு மாட்டைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

சிரிக்க வேண்டாம். தீயணைப்புத் துறை என்று பெயர்தானே தவிர, திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் உங்களுக்கு வேலை கிடைத்தால் நெருப்பைவிடக் கிணற்றைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத, வாயைத் திறந்து கிடக்கிற கிணறுகள். அதில் ஆடு விழும், மாடு விழும். ஒருமுறை புதுமாப்பிள்ளை ஒருவர் செல்ஃபி எடுக்கிறேன் என்று விழுந்தார். பட்டு வேட்டியோடு தூக்கிக்கொண்டு வந்து, நனைந்த மாலையைக்கூடக் கழற்றாமல் பெண்வீட்டாரிடம் ஒப்படைத்தோம். அதெல்லாம் இன்னொரு கதை.

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் 'தொகுபயன் விசை' என்று ஒரு பாடம் வரும். ஒரு பொருளைப் பல பேர் பல திசையில் இழுத்தால் கடைசியில் அது எந்தப் பக்கம் போகும், எவ்வளவு பலத்தோடு கிளம்பும் என்கிற கணக்கு. தேர்வு எழுதிய அன்றைக்கே அதை மறந்திருப்பீர்கள். ஆனால் அந்தப் பாடம் இல்லாமல் நம் வேலையில் ஒரு கயிற்றைத் தொடக்கூடாது. இதை எனக்கு உறைக்கிற மாதிரி சொல்லிக் கொடுத்தவர் புத்தகத்தை வைத்துச் சொல்லவில்லை, லாரி டயரை வைத்துச் சொன்னார்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்த அலுவலர் அவர். செவ்வாய்ப்பேட்டைக்காரர். மூட்டை வண்டியும் ஆட்டோவும் டவுன் பஸ்ஸும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கிற சந்தில் பிறந்து வளர்ந்ததாலோ என்னவோ, எந்தப் பொருள் எந்த இடுக்கில் போய் நுழையும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவார். ஒருநாள் மைதானத்தில் பழைய லாரி டயர் ஒன்றைப் போட்டு, மூன்று கயிறு கட்டி, மூன்று குழுவாக எங்களை நிறுத்தினார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தயாரானோம். அவரோ, யாரும் இழுக்க வேண்டாம், டயர் எங்கே போகும் என்று சுண்ணாம்புக் கோடு போடுங்கள் போதும் என்றார். எங்களில் தடியன்கள் நின்ற குழுவைப் பார்த்து எல்லோரும் ஒரே மாதிரி கோடு போட்டோம். இழுத்தோம். டயர் இரண்டு குழுவுக்கு நடுவே ஒருவரும் நிற்காத சந்து வழியாகப் போனது. கோடு போட்ட நாங்கள் எல்லோரும் அசடு வழிந்து நின்றோம்.

பிறகு அவர் விளக்குமாற்றிலிருந்து குச்சிகளை உருவினார். பலமாக இழுத்த குழுவுக்கு நீளக் குச்சி, சுமாராக இழுத்ததற்குக் குட்டைக் குச்சி. எந்தப் பக்கம் இழுத்தார்களோ அதே பக்கம் பார்த்துக் குச்சி படுத்துக்கிடக்க வேண்டும். முதல் குச்சியின் நுனியில் இரண்டாவது குச்சியின் அடி, இரண்டாவதன் நுனியில் மூன்றாவதன் அடி. இப்படித் தரையில் தொடர்ந்து வைத்துவிட்டு, முதல் குச்சியின் அடியிலிருந்து கடைசிக் குச்சியின் நுனிக்கு இன்னொரு குச்சியை நேராக வைத்தார். டயர் போன பாதை அச்சாக அதுதான். அவ்வளவுதான் பாடம். "இழுக்கறதுக்கு முன்னாடி இந்தக் கடைசிக் குச்சி உன் கண்ணுக்குத் தெரியணும். தெரியலைன்னா கயிற்றைக் கீழே வெச்சிடு," என்றார். அந்த மனிதர் அதிகம் பேசமாட்டார். பேசியதில் இது ஒன்று போதும், எனக்குப் பணிக்காலம் முழுக்கச் சோறு போட்டது.

இனி மாட்டுக்கு வருகிறேன்.

மல்லசமுத்திரம் பக்கத்தில் ஒரு ஊர். ஐப்பசி மழை நான்கைந்து நாளாக ஊற்றிவிட்டு அன்று காலைதான் வெறித்திருந்தது. கிணற்றில் மாடு விழுந்துவிட்டது என்று அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தால் நல்ல அகலமான வட்டக் கிணறு. பாதிக்குமேல் தண்ணீர். சிவப்பு மாடு ஒன்று மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நீந்திக்கொண்டிருந்தது. கரையில் பாவாயம்மா என்கிற பெண்மணி உட்கார்ந்து, "அம்மிணி, அம்மிணி," என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். முதலில் யாரோ பெண்பிள்ளையும் உள்ளே விழுந்துவிட்டதோ என்று பதறிவிட்டேன். அம்மிணி என்பது மாட்டின் பெயர்.

பாவாயம்மாவுக்குப் புருஷன் இல்லை. மகள் கட்டிக்கொண்டு போய்விட்டாள். வீட்டில் பேச்சுத்துணை என்று இருப்பது அந்த மாடு ஒன்றுதான். அவர் அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"சார், அது நெறமாசமுங்க. இன்னிக்கோ நாளைக்கோ கன்னு போட்டுரும். ரெண்டு உசுருங்க."

சும்மா ஒரு மாட்டைத் தூக்குவது வேறு, நிறைசினை மாட்டைத் தூக்குவது வேறு. பட்டை கட்டித் தொங்கவிட்டால் வயிறு அழுந்தும். கால்நடை மருத்துவரைப் போனில் பிடித்தேன். வயிற்றை விட்டு நெஞ்சுக்கும் பின்தொடைக்கும் பட்டை போடுங்கள், ஆனால் அப்படியும் அதிக நேரம் தொங்கவிடாதீர்கள், கன்று தாங்காது என்றார். அவர் வந்து சேர இன்னும் நேரமாகும். கிரேன் ஒன்று வந்தது, வந்த வேகத்தில் மரவள்ளிக் காட்டுச் சேற்றில் சக்கரம் புதைந்து அங்கேயே நின்றுவிட்டது. அதைத் தூக்க இன்னொரு கிரேன் வேண்டும். ஆக, கையால்தான் இழுத்தாக வேண்டும்.

ஆளுக்குப் பஞ்சமில்லை. அந்த ஊரில் இரண்டு வளவு. வளவு என்றால் வீடுகள் கூட்டமாக இருக்கிற குடியிருப்பு. கிழக்கு வளவும் வந்திருந்தது, மேற்கு வளவும் வந்திருந்தது. வீடியோ எடுத்துக்கொண்டிருந்த பையன்களை ஒரு சத்தம் போட்டேன், போனைப் பைக்குள் போட்டுவிட்டு அவர்களும் வந்தார்கள்.

கிணற்றின் உள்சுவரில் பாறை முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரே பக்கமாக இழுத்தால் மாட்டைத் தேங்காய் துருவுவதுபோலத் துருவிவிடும். அதனால் எதிரெதிர்ப் பக்கம் இரண்டு கயிறு. கிழக்கே கிழக்கு வளவு, மேற்கே மேற்கு வளவு. இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால் பக்கவாட்டு இழுப்பு ஒன்றையொன்று தின்றுவிடும், மேல்நோக்கிய இழுப்பு மட்டும் மிஞ்சும், மாடு நட்டநடுவே நேராக எழும். மூன்றாவதாக மாட்டின் தலைப்பக்கத்துப் பட்டையில் ஒரு கயிறு கட்டி, அது சுழலாமல் இருக்க வடமேற்கில் எங்கள் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். கிழக்குக் கரை மழையில் பொதுபொதுத்துக் கிடந்தது. மேற்கிலிருந்து வடக்கு வரைக்கும் பாறைக் கரை. ஆகவே மாடு மேலே வந்ததும் கிழக்கு வளவு கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும், மாடு மேற்கே சாய்ந்து கரையேறும். இதை இரண்டு பக்கத்துக்கும் விளக்கினேன். எல்லோரும் பலமாகத் தலையாட்டினார்கள். எங்கள் குமரேசன் தண்ணீருக்குள் இறங்கிப் பட்டையை மாட்டிவிட்டு ஏணியில் ஏறி வந்தான். அவன் முகத்திலேயே அம்மிணி இரண்டு முறை தும்மியிருந்தாள்.

இழுப்பு ஆரம்பித்தது பாருங்கள், அப்படி ஒரு அழகு. கிழக்கு வளவில் சின்னுசாமி என்று ஒருவர். தேர்த்திருவிழாவில் தோள் துண்டை வீசி வடம் பிடிப்பவர்களை நடத்துகிறவர் அவர்தான். துண்டை வீசினார், சத்தம் கொடுத்தார், இரண்டு பக்கமும் ஒரே மூச்சில் இழுத்தது. தண்ணீர் சொட்டச் சொட்ட அம்மிணி நேராக மேலே வந்தாள். ஒரு பாறைமுனைகூட அவள்மேல் படவில்லை. ஜனம் விசிலடித்தது. எனக்கும் விசிலடிக்கத் தோன்றியது, சீருடையை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

கரைக்கு இன்னும் ஒரு முழம் இருக்கும்போது மாடு நின்றுவிட்டது.

இழுக்கிறார்கள். முகமெல்லாம் சிவந்துபோய் இழுக்கிறார்கள். மாடு அசையவில்லை. கொடிக்கயிற்றில் ஈரப் போர்வையைக் காயப்போட்டுப் பார்த்திருப்பீர்கள். கயிற்றை எவ்வளவு முறுக்கிக் கட்டினாலும் நடுவில் தொய்ந்துதான் கிடக்கும். அதே சங்கதி. மாடு ஆழத்தில் இருந்தபோது கயிறுகள் மேல்நோக்கி நின்றன, இழுப்பில் பெரும்பகுதி மாட்டைத் தூக்கியது. மேலே வர வரக் கயிறு படுத்துவிட்டது. இப்போது கிழக்கு வளவு மேற்கு வளவை இழுக்கிறது, மேற்கு வளவு கிழக்கு வளவை இழுக்கிறது, நடுவில் மாடு வெறுமனே தொங்குகிறது. இன்னும் நூறு பேர் வந்து பிடித்தாலும் அந்த ஒரு முழம் ஏறாது.

இது எனக்குத் தெரிந்ததுதான், அதற்காகத்தான் தளர்த்தச் சொல்லி வைத்திருந்தேன். கிழக்கு வளவைப் பார்த்துத் தளர்த்துங்கள் என்று கத்தினேன். ஒருவரும் தளர்த்தவில்லை. திரும்பவும் கத்தினேன். சின்னுசாமி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"சார், எங்க வளவு மாடுங்க. நாங்க எப்புடிங்க கயித்த உடறது? அவிங்கள உடச் சொல்லுங்க."

மேற்கிலிருந்து உடனே பதில் வந்தது, நாங்கள் விட்டால் மாடு கிழக்கே போய் இடிகிற கரையில் மோதும் என்று. அவர்கள் சொன்னதும் நியாயம். ஆனால் விஷயம் நியாயத்தில் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. கயிறு எங்கள் நிலையத்துக் கயிறு. ஆனால் அந்தக் கைகளுக்குள் போனதும் அது தேர்வடம் ஆகிவிட்டது. அந்த ஊர்த் தேருக்கு இரண்டு வடம். ஒன்று கிழக்கு வளவுக்கு, ஒன்று மேற்கு வளவுக்கு. எந்த வளவு வடத்தைத் தொய்யவிட்டதோ, அந்த வளவு அடுத்த திருவிழா வரைக்கும் தலைநிமிர முடியாது. டீக்கடையில் சொல்லிக் காட்டுவார்கள், கல்யாணப் பந்தியில் சொல்லிக் காட்டுவார்கள். அப்படி வளர்ந்த மனுஷர்களிடம் போய், எதிர்ப்பக்கம் மேற்கு வளவு பார்த்துக்கொண்டிருக்கும்போது, கயிற்றைத் தளர்த்து என்கிறேன். மூளை சரி என்றாலும் கை கேட்காது.

கோபம் எனக்குத் தலைக்கேறியது. எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி என்று என்னோடு வேலை செய்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். நல்ல நாலு வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அந்த நேரத்தில் அம்மிணியைப் பார்த்தேன். பட்டையில் தொங்கிக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். பாவாயம்மா கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். திட்டினால் இவர்கள் இன்னும் இறுக்கிப் பிடிப்பார்களே தவிர விடமாட்டார்கள். வார்த்தைகளை விழுங்கினேன்.

செவ்வாய்ப்பேட்டைக்காரர் சொன்ன கடைசிக் குச்சி எங்கே? கண்ணை மூடிக் குச்சிகளை அடுக்கிப் பார்த்தேன். கிழக்கே ஒன்று, அதன் நுனியிலிருந்து மேற்கே அதே நீளத்துக்கு ஒன்று. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து நிற்கிறது. குச்சியைக் குட்டையாக்க இவர்கள் விடமாட்டார்கள். சரி, குட்டையாக்க வேண்டாம். திருப்பலாமே? நீளம் அப்படியே இருக்கட்டும், திசை மாறட்டும்.

சின்னுசாமியிடம் ஓடினேன்.

"ஏனுங்க, வடக்கு முக்குல தேரத் திருப்பறப்ப வடத்த என்னங்க செய்வீங்க?"

இந்த நேரத்தில் இவனுக்கென்ன தேர்க் கேள்வி என்று என்னை முறைத்தார். ஆனாலும் கேள்வி தேரைப் பற்றியது அல்லவா, பதில் சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை.

"வெளிவடம் சுத்தி வரோணுங்க."

"அப்ப வடத்த உடுவீங்களா?"

"உடறதாவது! புடிச்ச புடி புடிச்சமேனிக்கே நடக்கோணும்."

"அப்படியே கெணத்தச் சுத்தி வடக்க நடங்க."

ஒரு கணம் அவர் கண் கிணற்றைச் சுற்றி ஓடியது. பிறகு அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். துண்டைத் தலைக்குமேல் சுழற்றினார்.

"தேரு முக்குத் திரும்புது சாமியோ!"

அவ்வளவுதான். யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சின்ன வயதிலிருந்து ஆண்டுதோறும் செய்கிற வேலை அது. கிழக்கு வளவு பிடியைத் தளர்த்தாமல், பக்கவாட்டில் அடியெடுத்து வைத்து, கிணற்று விளிம்பிலிருந்து தள்ளியே வளைந்து வடக்கே நடந்தது. எங்கள் ஆட்கள் முட்டிபோட்டுக்கொண்டு, விளிம்பில் ஈரச்சாக்கு போட்டுக் கயிற்றைக் கூடவே நகர்த்தினார்கள். மேற்கு வளவு தேர்நிலையில் நிற்பதுபோல அசையாமல் பிடித்தது. அதுவும் அவர்களுக்குப் பழக்கம்தான், முக்குத் திரும்பும்போது உள்வடம் நின்று தாங்க வேண்டும்.

அம்மிணி நகர்ந்தாள். நடுக்கிணற்றில் அசைய மாட்டேன் என்று தொங்கியவள், மேற்கும் அல்லாமல் வடக்கும் அல்லாமல் இரண்டுக்கும் நடுவே, எங்கள் கயிறு இருந்த மூலையைப் பார்த்து வந்தாள். இரண்டு கயிற்றுக்கும் இடையில் கோணம் சுருங்கச் சுருங்க, ஒன்றையொன்று தின்றுகொண்டிருந்த இழுப்பு ஒன்றோடொன்று சேர ஆரம்பித்தது. அதே ஆட்கள், அதே கயிறு. ஆனால் புதிதாக ஒரு ஊரே வந்து பிடித்ததுபோல இருந்தது. விளிம்பை ஒட்டி வந்ததும் கயிறுகள் திரும்பவும் மேல்நோக்கித் தூக்கின. முன்னங்கால் இரண்டும் சாக்கின்மேல் ஊன்றின. குமரேசனும் நானும் எங்கள் வண்டி ஓட்டுநரும் பட்டையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தோம். அம்மிணி கரைமேல் வந்து விழுந்தாள், எழுந்தாள், உடம்பைச் சிலிர்த்து எங்கள் எல்லோரையும் குளிப்பாட்டினாள், கடைசியில் என் பூட்ஸின்மேல் நிதானமாகச் சாணி போட்டாள். எனக்குப் பணியில் கிடைத்த மரியாதைகளில் அதைத்தான் முதலாவதாக வைப்பேன்.

பாவாயம்மா மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அப்போதுதான் அழுதார். எனக்கும் கண் கலங்கியது. வேலையில் கண் கலங்கக்கூடாது என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள், வேலை முடிந்த பிறகு தாராளமாகக் கலங்கலாம். மருத்துவர் வந்து சேர்ந்து வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். உள்ளே உதைக்கிறது என்றார். மறுபடியும் விசில். இந்த முறை நானும் அடித்தேன்.

நான் சொல்ல வந்தது இதுதான். ஆள் போதவில்லை என்று நீங்கள் நினைக்கிற இடங்களில் பெரும்பாலும் ஆள் போதுமானதாகவே இருக்கும், திசைதான் சரியிருக்காது. போன வாரம் ஃபேர்லேண்ட்ஸில் என் மகள் குடியிருக்கிற கட்டடத்தில் சோபாவை மாடிக்கு ஏற்றினார்கள். நான்கு பேர், நான்கு மூலை, நான்கு யோசனை. சோபா படிக்கட்டுத் திருப்பத்தில் சிக்கிக்கொண்டு, மேல்வீட்டுக்காரர்கள் அன்று மதியம் வரை வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். நான் வாயைத் திறக்கக்கூடாது என்று மகள் உத்தரவு. திறந்தேன். சோபா மேலே போய்விட்டது, மகள் இன்னும் சரியாகப் பேசவில்லை.

திசையைத் திருப்புவதற்கு முன்னால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். இழுக்கிறவன் எதை விடமாட்டான் என்று பாருங்கள். விடமாட்டேன் என்பவனை விடச் சொல்லி மல்லுக்கட்டினால் நேரம் போகும், மாடும் போகும். அவன் பிடித்தபடியே பிடிக்கட்டும், எங்கே நின்று பிடிக்கலாம் என்று மட்டும் கேளுங்கள். புத்தகத்தில் விசைக்குப் போடுகிற அம்புக்குறிக்கு மானரோசம் கிடையாது. நம் வேலையில் உண்டு.

சில நாள் கழித்துப் பாவாயம்மா நிலையத்துக்கு வந்தார். கையில் தூக்குப்போசி. திறந்தால் வெல்லமும் ஏலக்காயும் மணக்கிற சீம்பால். கிடேரிக் கன்று, தாயும் பிள்ளையும் சுகம். ஆனால் பாவாயம்மாவின் முகத்தில் ஒரு சலிப்பு. என்னம்மா என்றேன். மாட்டைத் தூக்கியது எங்கள் கயிறுதான் என்று இரண்டு வளவும் தினமும் சண்டையாம். கிழக்கே போனால் கன்றுக்கு எங்கள் அம்மன் பேரில் மாரி என்று வை என்கிறார்களாம், மேற்கே போனால் எங்கள் அம்மன் பேரில் செல்லி என்று வை என்கிறார்களாம்.

"எந்தக் கயிறு தூக்குச்சுன்னு நீங்களே சொல்லிப்போடுங்க சாமி. எனக்கு ஊருக்குள்ள நடமாட முடியல."

விளக்குமாற்றிலிருந்து குச்சிகளை உருவினேன். தரையில் வைத்தேன். இது கிழக்கு வளவு வடக்கே போய் நின்று இழுத்தது, இதன் நுனியில் மேற்கு வளவு, இதன் நுனியில் நாங்கள். பிறகு முதல் அடியிலிருந்து கடைசி நுனிக்கு ஒரு நீளக் குச்சி. இந்தக் கயிறுதாம்மா தூக்கியது என்று காட்டினேன். பாவாயம்மா குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இதப் புடிச்சிருந்தது ஆருங்க?"

"ஆரும் இல்லீங்கம்மா. எல்லாரும் சேந்து புடிச்சா வர்றது இது."

"பேரு என்னங்க இதுக்கு?"

"தொகுபயன்."

அந்தச் சொல்லை வாய்க்குள் போட்டு ஒருமுறை உருட்டிப் பார்த்தார். நெம்ப நீளமாக இருக்கிறதே என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டே எழுந்து, சேலைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டார்.

"பயன்னு கூப்புட்டுக்கறேன். ரெண்டு வளவும் இனி வாயத் தொறக்கட்டும், பாத்துக்கறேன்."

நேற்று அவரிடமிருந்து போன் வந்தது. பயன் வளர்ந்து முதல் கன்று போட்டிருக்கிறதாம். இரண்டு வளவுக்கும் வீடுவீடாகச் சீம்பால் கொடுத்தாகிவிட்டது, இதற்கும் ஒரு பேரைச் சொல்லுங்கள் சாமி என்றார். புத்தகத்தில் தொகுபயனுக்கு அடுத்த பாடம் என்னவென்று பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். உங்களில் யாருக்காவது நினைவிருந்தால் இப்போதே எழுந்து சொல்லுங்கள், பாவாயம்மா காத்துக்கொண்டிருக்கிறார்.